ஸ்டீவ்ஸ்டன் படப்பெட்டிக்காக ஒரு நன்றி

மாமியார் வீட்டுப் பழைய புகைப்படங்களை ஒருவழியாக ஸ்கேன் செய்து, யார் யாரென்று எழுதி முடித்தாயிற்று. கூட நின்ற எல்லாருக்கும் தனித்தனியாகப் போன் போட்டால் நாள் பூராவும் போய்விடும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவரின் கொள்ளுத்தாத்தா ஜப்பானில் வாகயாமா மாகாணத்து மியோ கிராமத்துக்காரர். அந்த ஊர் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கனடாவுக்கு வந்து, ஃபிரேசர் ஆறு கடலில் சேரும் ஸ்டீவ்ஸ்டனில் சால்மன் பிடித்தார்கள்; இவரும் அப்படித்தான். கல்யாணம் படத்திலேயே முடிந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினார், அதை நம்பிக் கொள்ளுப்பாட்டி 1913ல் கப்பலேறினார். அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தந்த நண்பருக்கு முதல் நன்றி. கோட்டு இரவல்தான் போலிருக்கிறது, தோள் ஒரு பக்கம் தொங்குகிறது. விரல்களில் வலைக்கயிறு அறுத்த தழும்புகூடத் தெரிகிறது. (மாப்பிள்ளை படத்தில் ஜோர், நேரில் சுமார் என்று பாட்டி கடைசிவரை சொல்வாராம்.)

அப்புறம், பின்பக்கத்து எழுத்தை வாசித்துச் சொன்ன ஓய்வுபெற்ற டீச்சரம்மா. மாமியாருக்கே அந்தக் கையெழுத்து பிடிபடவில்லை. மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மீன் கழுவும் பெண் கொள்ளுப்பாட்டியேதான் என்பது அவரால்தான் தெரிந்தது.

1942க்குப் பிறகு படமே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கியதை அடுத்து, கனடாவில் இருந்த ஜப்பானியரின் படகுகளை, ஏறத்தாழ 1,200, அரசு பிடித்துக்கொண்டது. கேமரா, ரேடியோவும் போயின. கடற்கரையிலிருந்து சுமார் 22,000 பேரை வெளியேற்றினார்கள், அதில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை வாங்கியவர்கள். வீடுவாசலையும் அரசே விற்றது. 1949 வரை திரும்ப விடவில்லை. 1988ல் பிரதமர் மல்ரோனி மன்னிப்புக் கேட்டார், அப்போது உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 21,000 டாலர் கிடைத்தது. கொள்ளுத்தாத்தா அதற்கெல்லாம் முன்பே போய்விட்டார்.

படங்கள் எப்படித் தப்பின? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் வைத்திருந்து, இவர்கள் திரும்பியதும் கையில் கொடுத்தார். அவருடைய பேரனைத் தேடிப்பிடித்து நன்றி சொன்னால், "ஒரு டப்பாவைப் பரணில் வைத்தார், அவ்வளவுதானே" என்று கூச்சப்படுகிறார். அவ்வளவுதான் சார், ஆனால் அந்த நாளில் அதைக்கூடச் செய்ய எத்தனை பேர் இருந்தார்கள்?

உங்கள் எல்லாருக்கும் ஒரு செட் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாடு நம் வீட்டில்தான். மாமியார் சுஷி, நான் மீன்குழம்பு.