ரிப்போர்ட்டில் இல்லாத வரி

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். முத்தண்ணனைப் பார்த்தால் கேட்டதாகச் சொல். மற்றதை நேரில் பேசலாம். உன் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலைத் தண்ணீர் விழும் ஏரியில் மீன் செத்து மிதந்த சேதிக்குத்தான் இந்தக் கடிதம்.

"அவுட்லெட்டில் பி.ஓ.டி. லிட்டருக்கு 12 மில்லிகிராம்தான், யாரோ விஷம் கலந்திருக்கிறார்கள்" என்கிறாய். பி.ஓ.டி. குறைவு, அதாவது ஆலையை விட்டு வெளியே போகும் தண்ணீரில் அழுகும் கழிவு குறைவு என்பது உன் கணக்கு. அவசரப்பட்டு யார் தலையிலும் கட்டாதே. அம்மோனியா பார்த்தாயா? உன் ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அக்டோபர் அறிவிக்கை பி.எச். (அமில-கார அளவு), பி.ஓ.டி., டி.எஸ்.எஸ். (தண்ணீரில் கலந்து நிற்கும் திடப்பொருள்), மலக்கோலிஃபார்ம் (மலத்தில் இருக்கும் பாக்டீரியா) என்று நாலைத்தான் கேட்கிறது. மீனுக்கு அந்த நாலு போதாதுடா!

கணக்குப் போட்டுப் பார். அவுட்லெட்டில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அம்மோனியா, பி.எச். 7 என்று வை. 30 டிகிரி வெப்பத்தில் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் (அயனியாகாத அம்மோனியாவாக) இருக்காது. ஆனால் உன் ஏரி பச்சைப் பசேலென்று இருக்கிறதே, அந்தப் பாசி பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்சி, மத்தியானத்தில் பி.எச்.சை 9க்கு ஏற்றிவிடும். அப்போது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் விஷ வடிவம். 8 மில்லிகிராமைத் தாண்டும். ஒன்றிரண்டு மில்லிகிராமே பல மீன்களுக்கு எமன். ராத்திரி அதே பாசி ஆக்சிஜனைத் தின்றுவிடும்; விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். காலை ஆறு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஏரியிலேயே பி.எச்.சும் டி.ஓ.வும் (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) எடு. பத்து மணி சாம்பிளில் இது எதுவும் தெரியாது.

அம்மோனியா ஏன் அப்படியே வெளியே வருகிறது? ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.6 மில்லிகிராம் ஆக்சிஜனும் 7 மில்லிகிராம் காரத்தன்மையும் வேண்டும். அதைச் செய்யும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். ஸ்லட்ஜை (அந்தப் பாக்டீரியா வாழும் சேற்றை) அளவுக்கு மீறி வெளியே தள்ளினால் அதுவும் சேர்ந்து போய்விடும். நம் வெயிலுக்கு ஸ்லட்ஜ் ஐந்தாறு நாளாவது உள்ளே நிற்கவேண்டும்.

முதலில் கழிவுநீருக்குக் காற்றூட்டும் ஏரேஷன் டாங்க் ஓரமாக நின்று பார். அடியில் காற்றைப் பொடிக் குமிழியாக விடும் டிஃப்யூசர் நன்றாக இருந்தால் மேலெல்லாம் ஒரே சீராகப் பொடிக் குமிழி வரும். கிழிந்திருந்தால் அந்த இடம் மட்டும் உலை மாதிரிக் குமுறும், மூலைகள் அசையாமல் கிடக்கும். டி.ஓ. மீட்டரை அந்த மூலையில் இறக்கு. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் காற்றடிக்கும் புளோயரைக் கூட்டியும் பயனில்லை, டிஃப்யூசரை மாற்றத்தான் வேண்டும்.

அரை மணி நேரம் ஸ்லட்ஜைப் படியவைத்துப் பார்க்கிறாயே, அந்த ஒரு லிட்டர் சிலிண்டரை உடனே கழுவாதே. இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுவை. படிந்தது குமிழியோடு கட்டி கட்டியாக மேலே எழும்பினால் நைட்ரேட் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். அசையாமல் கிடந்தால் நைட்ரேட் உண்டாகவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்தான். பிறகு லேபில் அம்மோனியாவும் நைட்ரேட்டும் பார்த்து உறுதி செய்துகொள்.

கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரினையும் மறந்துவிடாதே. அம்மோனியா இருக்கும் தண்ணீரில் அது குளோரமைனாக மாறும். மீனுக்கு அதுவும் ஆகாது.

சென்னையில் பெருங்குடி சுத்திகரிப்பு ஆலைத் தண்ணீர் விழுவது பள்ளிக்கரணைச் சதுப்பில், 2022இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்புகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று கடலுக்குப் போக ஒரு வழி உண்டு. உன் ஏரிக்கு அதுவும் இல்லை. கோடையில் மேலிருந்து சொட்டுத் தண்ணீர் வராது. நீ விடுவதுதான் ஏரி. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வாரமே நாலு அளவு அனுப்பு: உள்ளே வரும் அம்மோனியா, வெளியே போகும் அம்மோனியா, நைட்ரேட், காரத்தன்மை. கூடவே தினம் எத்தனை கன மீட்டர் ஸ்லட்ஜ் தள்ளுகிறாய் என்றும் எழுது. செத்த மீனைக் கரையிலேயே அழுக விடாதே, வாரிப் புதைக்கச் சொல்.

அன்புடன்,
ரவி