அந்த 'டொக்' சத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கைரோபிராக்டிக் பற்றி, அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அமுக்கித் திருப்பிச் செய்யும் வைத்தியம் பற்றி, அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். 'டொக்கென்று சத்தம் கேட்டால், விலகிய எலும்பு தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்' என்ற வரியோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அப்போதெல்லாம் நம் எலும்பு விலகியா கிடந்தது? மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம் அது. நெட்டி முறித்த விரலை உடனே இன்னொரு தரம் முறித்துப் பாருங்கள், வராது. உங்களுக்குத் தெரியாததா?

நான் 32 வருடம் பஸ் ஓட்டியவன். இடுப்பு போனதில் அதிசயமில்லை. (கப்பலூர்ப் பக்கத்து வேகத்தடைகளைப் பற்றி போன வருடம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. அது கிடக்கட்டும்.) மகன் சொன்னான் என்று மதுரையில் இந்த வைத்தியம் செய்யும் ஒருவரிடம் போனேன். எலும்புத் தேய்மானம் உண்டா, கால் மரத்துப்போகிறதா, ஒரு கேள்வி கிடையாது. குப்புறப் போட்டு அமுக்கினார், ஒருக்களிக்க வைத்து முறுக்கினார். சரி, இடுப்புக்குத்தானே வந்தோம் என்று பொறுத்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்ததும், கேட்காமல் கொள்ளாமல் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு! பக்கத்தில் ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. இடுப்பு வலிக்குத் துணையாகக் கழுத்து வலியும் வீட்டுக்கு வந்தது.

ஓரிரு நாள் வலியும் அசதியும் இருப்பது சகஜம் என்று அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த அம்மா சொன்னார். ஆனால் கழுத்தைத் திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது, அபூர்வம் என்றாலும், உண்டாம். எலும்பு மெலிந்தவர்களுக்கு முறிந்தே போகலாம். கால் பலமிழந்தாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இதில் ஒரு வரிக்காவது உங்களிடம் இடம் இருந்ததா? 1895-ல் அமெரிக்காவில் இந்த வைத்தியத்தைத் தொடங்கிய பால்மர் என்பவர் முதுகில் அமுக்கியதும் காது கேளாத ஒருவருக்குக் காது கேட்டதாம், அந்தக் கதைக்கு மட்டும் இருந்தது. காந்தப் படுக்கைக்கு முழுப்பக்கம் கொடுத்த பேப்பர்தானே!

எங்கள் ஊரில் சுளுக்கு என்றால் காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்கள். அவர் காசும் கேட்க மாட்டார், படமும் பிடிக்க மாட்டார்.

கழுத்தில் கை வைக்கும் முன் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட வேண்டும் என்று அடுத்த ஞாயிறு நான்கு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டுநர்,
திருமங்கலம்