அக்டோபர் 2 கூட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே,

அக்டோபர் 2 மாலை, டர்பனை அடுத்து காந்தி குடியிருப்பு அமைத்த ஃபீனிக்ஸில் நடந்த காந்தி நினைவுக் கூட்டமும் கண்காட்சியும் நல்லபடியாக நிறைவேறின. வந்தவர்கள் 120 பேர். மேடையில் பேசியவர்களுக்கு அன்றே நன்றி சொல்லிவிட்டோம். மேடைப் பக்கமே வராமல் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி அடுப்படிக்கு. ஜொஹானஸ்பர்க் அருகே காந்தி சத்தியாகிரகக் குடும்பங்களோடு வாழ்ந்த, 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஒரே சமையல், அதுவும் சைவம். காபிக்குப் பதில் வறுத்த கோதுமை. அதையே அன்றும் கொடுக்க ஆசைப்பட்டோம். சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த அக்காமார் நால்வர் 2 கிலோ கோதுமையை அரை அரைக் கிலோவாகப் பிரித்து, சிறு தீயில் கை ஓயாமல் கிளறி வறுத்தார்கள். தீயைக் கூட்டினால் மேல்தோல் கருகிவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும், குடித்தால் கசக்கும். அரைப்பதும் ரவைப் பதத்துக்குத்தான். மாவாக அரைத்தால் கொதிக்கும்போது கஞ்சியாகித் துணியில் வடியாது. முதல் ஈடு அப்படித்தான் போனது. அக்காமார் அலுத்துக்கொள்ளாமல் சல்லடையில் மாவைச் சலித்துத் தள்ளிவிட்டு, 20 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ என்று கணக்காகப் போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தெளியவைத்து வடித்தார்கள். வெல்லத்தைத் தனியாக வைத்தது நல்ல யோசனை. சர்க்கரை நோய்க்காரர்களும் தயங்காமல் குடித்தார்கள்.

புரட்டாசி மாதம் வேறு. நம் வீடுகளில் பலர் மாதம் முழுதும் மாமிசம் தொடமாட்டார்கள், மாமிசம் வெந்த பாத்திரத்தையும் தொடமாட்டார்கள். மண்டபத்துப் பாத்திரத்தைத் தேய்த்தே சமாளித்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது, டோங்காட் அம்மா ஒருவர் தம் வீட்டுப் பெரிய அண்டாக்கள் மூன்றையும் கரண்டிகளோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார். பீன்ஸ் கறியும் சோறும் அதில்தான் ஆயின. யாரும் யாரிடமும் எதையும் விசாரிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அம்மாவுக்கு எங்கள் கும்பிடு.

நேரத்தை ஒழுங்கு செய்து தந்த பள்ளிவாசல் பெரியவருக்கு அடுத்த நன்றி. முதலில் பொதுப் பிரார்த்தனையை ஆறு மணிக்கு வைத்திருந்தோம். அக்டோபர் தொடக்கத்தில் டர்பனில் பொழுது சாய்வதும் ஆறு மணியை ஒட்டித்தான். பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிப் தொழுகை நேரத்தில் நம் பிரார்த்தனையை வைத்தால் முஸ்லிம் நண்பர்கள் பாதியில் எழுந்து போகவேண்டி வரும். அவர் சுட்டிக்காட்டியதும் பிரார்த்தனையை ஐந்தேகாலுக்கு முன்தள்ளினோம். தொழுகைக்குப் பக்கத்து அறையில் விரிப்பு, கை கால் கழுவ வெளிக்குழாய், திரும்பி வந்தபின் பந்தி. டால்ஸ்டாய் பண்ணை ரமலானில் மற்றப் பிள்ளைகளும் உடன் நோன்பிருந்தார்கள். அவர்கள் பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் முன்பே தங்கள் உணவை முடித்துக்கொண்டு, முஸ்லிம் தோழர்களுக்குப் பலகாரம் செய்து பரிமாறினார்கள். அதை நினைத்தே நம் இளைஞர்கள் தொழுது வந்தவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள்.

பிரார்த்தனையில் தேவாரம், ஃபாத்திஹா, பரமண்டல ஜெபம், சூலு மொழிப் பாடல் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். ஒருவர் ஜெபத்தை மற்றவர் சொல்லவேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. 1906 செப்டம்பர் 11இல் ஜொஹானஸ்பர்க் எம்பயர் தியேட்டரிலும் இந்தியர்கள் பதிவுச் சட்டத்துக்குப் பணியமாட்டோம் என்று அவரவர் தம் கடவுளைச் சாட்சி வைத்துத்தான் உறுதி எடுத்தார்கள். குத்துவிளக்கை விருந்தினர் வருமுன்பே ஏற்றிவைத்த பூசாரி ஐயாவின் பக்குவம் பெரிது. ஏற்ற அழைத்துவிட்டு ஒருவரைத் தர்மசங்கடத்தில் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். சூலு பாடகர்கள் இனாண்டாவிலிருந்து சொந்தச் செலவில் வந்தார்கள். சூலு மக்கள் தலைவர் ஜான் டூபே தொடங்கிய ஓலாங்கே பள்ளி ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அண்டை. அந்த அண்டைவீட்டு உறவு இன்னும் இருக்கிறது.

செருப்புத் தைத்துக் காட்டிய தாத்தாவைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம் கலையவே இல்லை. காந்தியின் நண்பர் கேலன்பாக் மரியான்ஹில் மடத்துக் கிறிஸ்தவத் துறவியரிடம் கற்றுவந்து காந்திக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் அது. பாதத்தை நின்றபடிதான் வரையவேண்டும், உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும் என்றார் தாத்தா. எடை இறங்கும்போது பாதம் விரிகிறது. வார் நுழையும் துளை ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கவேண்டும், இல்லையென்றால் சில நாளில் கிழியும். ஈரத்தோலில் பசை பிடிக்காது. மூன்று ஜோடி முடித்துவிட்டார். காந்தி கொடுத்த ஜோடியை, அன்று அவரைச் சிறையில் வைத்த அரசின் அமைச்சர் ஸ்மட்ஸ் 1939இல் திருப்பி அனுப்பிய கதையையும் தைத்துக்கொண்டே சொன்னார்.

தமிழ்ப் பலகைகளைத் திருத்திய ஆசிரியைக்குத் தனி நன்றி. அச்சகத்துக் கணினியில் எழுத்துரு மாறி, கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. எட்டுப் பலகையையும் படமாக மாற்றி, இரவோடு இரவாக வரி வரியாகப் பார்த்துக் கொடுத்தார். சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை மறைந்த 1914 பிப்ரவரி 22 ஒரு பலகையில் 1913 என்று இருந்ததைப் பிடித்ததும் அவர்தான். 1903இல் நான்கு மொழியில் வந்த காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் இதழில் தமிழ்ப் பகுதி நெடுநாள் நிலைக்கவில்லை. இந்தத் தமிழ் பிழையில்லாமல் நின்றதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழைய படங்கள் தந்த குடும்பங்களுக்கு: 1985 கலவரத் தீயில் ஃபீனிக்ஸ் குடியிருப்பில் போனது போக மிஞ்சியவை உங்கள் பெட்டிகளில்தான் இருக்கின்றன. எதிலும் பசை தடவவில்லை. நகல் எடுத்தபின் அமிலமில்லாத உறையில் போட்டு, பின்பக்கம் பென்சிலால் மட்டும் எண் குறித்திருக்கிறோம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மண்டபத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அண்டாக்கள் மூன்றும் டோங்காட் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு நீளக் கரண்டி மட்டும் இங்கே தங்கிவிட்டது, அதையும் அன்று கொடுத்தனுப்புகிறோம்.

நன்றியுடன்,
நினைவுக் கூட்டக் குழுவினர்
டர்பன்