கிராதியைக் கழற்றும் முன் ஒரு சிட்டை எழுதுங்கள்

அன்புள்ள பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் ஆலயப் புதுப்பிப்புக் குழுவினருக்கும் தோத்திரம்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் புதுப்பிப்பு வேலை பற்றி அறிவித்தீர்கள். ஓடு மாற்றுவதற்கும் புது ஒயரிங் போடுவதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. ஐப்பசி மழையில் சுவரோரம் வாளி வைத்துக்கொண்டு செபமாலை சொன்னது போதும். ஆனால் கடைசியில், "பழைய மரச்சாமான்கள் அகற்றப்பட்டு ஏலம் விடப்படும்" என்று ஒரு வரி வந்ததே, அதற்காகத்தான் இந்த மடல்.

எந்தச் சாமான், எத்தனை, யார் கொடுத்தது? பங்கு அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். எழுத்தில் எதுவும் இல்லை என்றார்கள். இதுதான் எனக்கு உறுத்துகிறது. கல்யாணச் சீரில் ஒரு கரண்டி வந்தாலும் சிட்டையில் எழுதி, பித்தளை அண்டாவில் விலாசம் வெட்டி வைக்கிற ஊர் இது. கோயில் சாமானுக்கு மட்டும் கணக்கு இல்லை என்றால் எப்படி?

பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியை, அந்த மரத் தடுப்பை, ஒருமுறை குனிந்து பாருங்கள். பர்மாத் தேக்கு. கடைசல் கால்கள் ஒவ்வொன்றும் கழுந்து (துளையில் செருகும் முனை) வைத்து இறுக்கி, மர ஆணி கொண்டு பூட்டியிருக்கிறது. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. நன்மை (நற்கருணை) வாங்க முழந்தாளிட்டவர்கள் கை வைத்த மேற்பலகை அந்த இடத்தில் மட்டும் லேசாகக் குழிந்து, எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னுகிறது. கடப்பாரை போட்டு நெம்பினால் கழுந்து பிளந்துவிடும், மறுபடி சேராது. விறகு விலைக்குத்தான் போகும்.

சாமியாரிடம் பாவ அறிக்கை செய்யும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும் அப்படித்தான். அதன் நெற்றிப் பலகையில் ஓடும் கொடியும் தாமரையும் செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகளில் இருக்கிற அதே வேலைப்பாடு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சாமான் வகையை நம் ஊர்த் தச்சர் தன் கைக்குப் பழகியபடி செய்து வைத்திருக்கிறார். இப்படி ஒன்றை நீங்கள் எந்தப் பட்டியல் புத்தகத்தைப் பார்த்தும் வாங்க முடியாது.

பின்னறையில் தூம்பா என்ற பாடைப் பெட்டியும், பெரிய வெள்ளிக்கு எடுக்கும் ஆண்டவர் சுரூபமும் சாக்கு மூடிக் கிடக்கின்றன. சிலுவையிலிருந்து இறக்கும்போது கை மடங்க வேண்டும் என்பதற்காகத் தோள் மூட்டில் தோல் வைத்துச் செய்த சுரூபம் அது. தோல் வெடித்திருக்கிறது. அதை மாற்றினால் போதும், சுரூபத்தையே மாற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் செபஸ்தியாருக்கு எப்போதோ யாரோ பக்தியோடு எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், பாவம், முகமே மொழுக்கென்று ஆகிவிட்டது. இந்தமுறையும் அதே டப்பாவை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பின்வரிசை பெஞ்சுகள் பிற்காலத்தில் மட்டமான மரத்தில் செய்தவை, கரையான் தின்றது போக மிச்சம்தான் நிற்கிறது. அவை தாராளமாகப் போகட்டும். எது போகலாம், எது போகக்கூடாது என்று பிரிக்கவே பட்டியல் வேண்டும் என்கிறேன்.

"கிராதியெல்லாம் வேண்டாம் என்று வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது" என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உலக ஆயர்கள் கூடிய அந்தச் சங்கம் அப்படிச் சொல்லவில்லை. 1963 டிசம்பரில் வெளியான திருவழிபாடு பற்றிய ஏட்டின் 126ஆம் எண்ணைப் படியுங்கள். திருப்பொருள்களும் மதிப்புள்ள கலைப்பொருள்களும் விற்கப்படாமலும் சிதறிப்போகாமலும் ஆயர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றே அது சொல்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இன்னும் வெளிப்படை. விலைமதிப்புள்ள பொருள்களுக்கும் கலாச்சார மதிப்புள்ள பொருள்களுக்கும் சரியான பட்டியல் இருக்க வேண்டும், பொறுப்பேற்பவர் அதில் கையெழுத்திட வேண்டும், ஒரு படி இங்கேயும் மற்றொன்று ஆயர் இல்லத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அதன் 1283ஆம் விதி. கலையாலோ வரலாற்றாலோ விலைமதிப்புப் பெற்ற பொருளைக் கைமாற்ற உரோமையின் அனுமதியே வேண்டும் என்கிறது 1292. மக்கள் வணங்கும் பழைய சுரூபத்தைச் சீர்செய்ய ஆயரின் எழுத்து அனுமதியும் வல்லுநர் ஆலோசனையும் வேண்டும், இது 1189. போதாதென்று, நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. ஏலக்காரர் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

ஏலத்தில் போனால் எங்கே போகும் என்பதற்குக் காரைக்குடியில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முனீஸ்வரன் கோயில் வீதியில் ஒரு நடை நடந்தால் தெரியும். பங்காளிகள் பாகம் பிரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் தூண், நிலை, ஊஞ்சல் பலகை என்று எல்லாம் கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014இல் ஏறின. அதற்குள் எத்தனை வீடுகள் கழன்று போயிருந்தன! வீடாவது பங்காளிகளின் சொத்து, அவர்கள் பாடு. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை, அதனால் கேட்கும் பொறுப்பு நம் தலையில்.

நம் மறைமாவட்டத்தில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மருது சகோதரர்கள் மானியம் விட்ட சருகணிக் கோயிலையும், சுடுமண் வேலைப்பாட்டோடு 1894இல் எழுந்த இடைக்காட்டூர்க் கோயிலையும் வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டுகிறோம். நம்முடையது அவ்வளவு பெரியதில்லைதான். அதற்காகச் சொந்தக் கோயில் சாமானைப் பழைய சாமான் கணக்கில் சேர்ப்பதா?

சுவர் விஷயமும் ஒன்று. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசப்போவதாகக் கேள்வி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், சில மழைக்குள் பூச்சு உப்பிக்கொண்டு வரும். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துச் சுவரைக் கண்ணாடியாக இழைத்த கொத்தனார்களின் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து வழுவழு டைல்ஸ் போடும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உடைந்த கல்லுக்கு மட்டும் அதே அச்சில் ஆத்தங்குடியிலேயே வார்த்துத் தருவார்கள்.

கேட்பது இதுதான்: பட்டியல் முடியும்வரை ஏலம் வேண்டாம். வாலிபர் குழுவிடம் சொல்லுங்கள், எல்லார் கையிலும் நல்ல கேமரா உள்ள போன் இருக்கிறது. ஒவ்வொரு சாமானையும் முன்னும் பின்னும் அடியிலும் படம் எடுத்து, அளவும் பழுதும் குறித்து, பெரியவர்களிடம் யார் கொடுத்தது என்று விசாரித்து எழுதட்டும். அடியில் பெயர் எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

சக்கர நாற்காலி பீடம்வரை வர வழி வேண்டும் என்ற உங்கள் காரணம் நியாயமானது. அதற்குக் கிராதியின் நடுக்கதவை மட்டும் எடுத்து மாதா பீடத்தின் முன் வைத்துவிடலாம், இரண்டு பக்கமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கழுந்து வேலை தெரிந்த தச்சரை நான் அழைத்து வருகிறேன். கூலி பற்றி எங்கள் அன்பியத்தில் (பங்கின் தெருக் குழுவில்) பேசிவிட்டோம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவன்