ஐந்தாண்டு வருமானம் எந்த நாளிலிருந்து? செபிக்கும் ஆம்ஃபிக்கும் ஒரு மடல்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைவர் அவர்களுக்கும், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2025 ஏப்ரலில் என் தங்கை ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டினாள். ஏஜென்ட் கொடுத்தது. இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளின் ஐந்தாண்டு வருமானம்: ஒன்று ஆண்டுக்கு 27 சதவீதம், இன்னொன்று 23. 27-ஐச் சுற்றி பச்சை மையில் வட்டம். “எஃப்டியில ஏழு பர்சென்ட் வாங்கிட்டு உக்காந்திருக்கோமே அண்ணா, நாமதான் ஏமாளியா?” என்றாள்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்தேன். 2020 மார்ச் 23, ஊரடங்கு அறிவிப்புக்கு முந்தைய நாள், பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி முடிந்தது 7,610-ல். 2025 மார்ச் 21-ல் சுமார் 23,350. ஆண்டுக்கு 25 சதவீதம். இது எந்த ஃபண்ட் மேனேஜரின் சாமர்த்தியமும் இல்லை, வெறும் குறியீடு. இப்போது பத்து வாரம் பின்னால் போங்கள். 2020 போகியன்று, ஜனவரி 14, நிஃப்டி சுமார் 12,360. 2025 ஜனவரி 14-ல் சுமார் 23,180. ஆண்டுக்கு 13.4 சதவீதம்தான். சந்தை அதேதான், காலமும் அதே ஐந்தாண்டுதான். பள்ளத்திலிருந்து அளந்தால் மேடு உயரமாகத்தானே தெரியும்?

நோட்டீசில் பொய் ஒன்றும் இல்லை. ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, தொடக்கம் முதல் என்று வருமானத்தைப் பெஞ்ச்மார்க்கோடு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் குறியீட்டோடு, சேர்த்துக் காட்டச் சொல்லியிருப்பதே நீங்கள்தான். 2018 பிப்ரவரி முதல் அந்தப் பெஞ்ச்மார்க்கில் டிவிடெண்டையும் சேர்க்க வைத்தீர்கள். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதுவரை குறியீட்டின் காலில் கல்லைக் கட்டிவிட்டுத்தான் பந்தயம் நடந்தது. ஆனால் இந்த நான்கு எண்களும் முடிவது ஒரே நாளில். கடைசி ஓராண்டு நன்றாக அமைந்துவிட்டால் நான்கும் சேர்ந்தே ஏறும். நான்கு சாட்சிகள் என்று நினைக்கிறோம், ஒரே சாட்சிதான் நான்கு முறை பேசுகிறார்.

அதனால்தான் ரோலிங் ரிட்டர்ன் கேட்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஒருவர் பணம் போட்டு ஐந்தாண்டு வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கு அது. ஆம்ஃபி தளத்தில் பழைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றாட விலை, எல்லாம் கிடைக்கிறது. என் மகன் எக்ஸெலில் போட்டுக் கொடுத்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. வட்டம் போட்ட ஃபண்டின் மோசமான ஐந்தாண்டில் எங்கள் எஃப்டி வட்டிகூடத் தேறவில்லை. 23 காட்டிய ஃபண்ட் அவ்வளவு கீழே இறங்கவே இல்லை. தங்கைக்கு வேண்டியது இந்தத் தகவல்தான். இதற்கு எக்ஸெல் தெரிந்த மகன் வேண்டும் என்பது நியாயமா?

பத்தாண்டு வருமானம் பார்த்தால் போதுமே என்பார்கள். திட்டங்களை வகை பிரித்த செபியின் 2017 அக்டோபர் சுற்றறிக்கைக்குப் பிறகு எத்தனையோ திட்டங்களுக்கு வகை மாறியது. 2020-ல் மல்டிகேப் வகை ஃபண்டுக்குப் பெரிய, நடுத்தர, சிறிய கம்பெனிகள் (லார்ஜ், மிட், ஸ்மால்) மூன்றிலும் தலா 25 சதவீதம் கட்டாயம் என்றதும் பல ஃபண்டுகள் அந்த நிபந்தனை இல்லாத ஃப்ளெக்ஸிகேப் வகை ஆயின. பெயர்ப்பலகை புதிது, பழைய வருமானம் மட்டும் கூடவே வருகிறது. எந்த ஆண்டிலிருந்து இந்த விதியில் ஓடுகிறது என்று ஒரு வரி போட்டால் என்ன? இணைக்கப்பட்டு மறைந்துபோன திட்டங்களின் கதை தனி.

அப்புறம் ஒன்று. பச்சை வட்டத்துக்குக் கீழே, கண்ணாடியைத் துடைத்துப் போட்டால்தான் தெரியும் எழுத்தில், ‘டைரக்ட் பிளான்’ என்று இருந்தது, அதாவது ஏஜென்ட் கமிஷன் இல்லாத பிளான். ஏஜென்ட் நிரப்பி வைத்திருந்த விண்ணப்பமோ கமிஷன் கழியும் ரெகுலர் பிளானுக்கு. கமிஷன் வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை, அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் கமிஷனால் ஆண்டுக்கு ஒரு சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் பாருங்கள்: ஒரு லட்சம் 20 ஆண்டில் 12 சதவீதத்தில் 9.65 லட்சம் ஆகும், 11 சதவீதத்தில் 8.06 லட்சம். விற்கிற பிளானின் எண்ணைத்தான் காட்ட வேண்டும் என்பதை ஏஜென்ட் அடிக்கும் நோட்டீஸ் வரைக்கும் கண்டிப்பாக்குங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாண்டு வருமானம் அச்சாகும் இடத்திலெல்லாம், அதே அளவு எழுத்தில், மோசமான ஐந்தாண்டு எவ்வளவு, நடுத்தரம் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை முறை பெஞ்ச்மார்க்கைத் தாண்டியது என்ற மூன்று எண்கள்.

தங்கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எஃப்டி ஆகஸ்டில் முதிர்கிறது.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு பழைய காசாளர்