மாதர் சங்க ஆண்டறிக்கை – 2024

குருவானவர் ஐயா அவர்களுக்கும் தலைவி அம்மா அவர்களுக்கும் சகோதரிகள் அனைவருக்கும் தோத்திரம்.

கூட்டங்கள் வழக்கம்போல மாதக் கடைசிச் சனிக்கிழமை, தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு நடந்தன. மழை மாதங்களில் வருகை குறைவு. பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) பாய்கள் வாங்கிக் கொடுத்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த வருடம் நாம் அதிகம் பேசியது வேதாகமத்தில் சாட்சி சொன்ன பெண்களைப் பற்றி. மார்ச் 31, உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலை ஆராதனையில் லூக்கா 24ஐ நம் சகோதரிகளே வாசித்தார்கள். மகதலேனா மரியாளும் யோவன்னாளும் மற்றவர்களும் கல்லறையிலிருந்து வந்து சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சு என்று தள்ளிய இடத்தில் பின்வரிசை வாங்கில் சிரிப்பு கேட்டது. சிரித்தது யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. பெண்களின் சாட்சியை ஏற்கக்கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸே எழுதிவைத்த காலம் அது. அப்படியிருந்தும் நான்கு சுவிசேஷங்களும் வெறுமையான கல்லறைக்கு முதல் சாட்சிகளாகப் பெண்களைத்தான் நிறுத்துகின்றன. பவுலோ 1 கொரிந்தியர் 15இல் உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களைச் சொல்லும்போது கேபாவிலிருந்து, அதாவது பேதுருவிலிருந்து, தொடங்குகிறார். பெண்கள் பெயரே இல்லை. ஏன் என்று ஒரு கூட்டம் முழுக்க வாதாடினோம், முடிவு வரவில்லை.

கிணற்றடியில் இயேசுவோடு பேசிவிட்டு, குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் சொல்லப் போன சமாரியப் பெண்ணைப் படித்த நாளில் மூத்த சகோதரி ஒருவர், "பீலித் தண்ணிக்கு வந்தவ குடத்த வச்சிட்டுப் போறான்னா சும்மாவா? வரிசை போயிருமே!" என்றார். யோவான் 4ஐ எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம், குடத்தை இப்படி யாரும் பார்த்ததில்லை. அவள் சொல்லைக் கேட்டுத்தான் அந்த ஊரில் அநேகர் விசுவாசித்தார்கள்.

மகதலேனா மரியாளின் நாளான ஜூலை 22 வேலை நாள் என்பதால் அடுத்த ஞாயிறு மாலை கத்தோலிக்கச் சகோதரிகளையும் அழைத்தோம். அவர்கள் சபையில் அது 2016இல் திருவிழாவாக உயர்த்தப்பட்டது என்று சொன்னார்கள். தேநீரும் வடையும் போதவில்லை.

இலங்கைத் திருச்சபையில் (அங்கிலிக்கன் சபை) 2006இலேயே பெண்கள் குருமாராக அபிஷேகம் பெற்றார்கள். நம் ஆலயத்தில் இன்னும் சாட்சி வேளை என்றால் ஆண்கள்தான் எழுந்திருக்கிறார்கள். பெண்களுக்கும் ஒரு ஞாயிறு வேண்டும் என்று ஐயாவிடம் கேட்டோம், சரி என்றார். செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நமக்கு. முதலில் பேசிய சகோதரி, மகன் கொழும்புக் கடையில் வேலைக்குப் போய் ஆறு மாதம் தகவலே இல்லாமல் இருந்ததைச் சொன்னார். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அப்புறம் வந்த மாதங்களில் பெயர் கொடுத்தவர்கள் குறைவு. வரும் ஆண்டுக்கான பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஜனவரி மட்டுமே நிரம்பியிருக்கிறது.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்