மதிலைக் கேட்டு, ஆட்களைக் கேட்டு

அன்பின் மச்சான்,

சென்னையில் இருந்து வந்த சுவர் ஓவியரை மட்டக்களப்புக்கும் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கூப்பிடு, அவருக்கும் விருப்பம்தான், நான் கேட்டுவிட்டேன். ஆனால் காலம் பார்த்துக் கூப்பிடு. கொழும்பில் ஜனவரி தொடங்கி மார்ச் வரைதான் ஓரளவு நம்பலாம், ஏப்ரல் வந்தால் பின்னேரம் பின்னேரம் இடியோடு கொட்டும். உங்களுக்கு அப்படியே தலைகீழ். மார்கழி, தை என்று கூப்பிட்டுவிடாதே, மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல வெயில் இருக்கும்.

எங்கள் வீட்டில்தான் தங்கினார். சாப்பாடு படுக்கை எல்லாம் ஒரு வேலையே இல்லை, அம்மாவின் இடியப்பமும் சொதியும் அவருக்கு நன்றாகப் பிடித்துப்போனது. வேலை இருந்தது மதிலில்.

இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க மதில்கள் தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் தெரியும். அவர் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார், பொள்ளென்று சத்தம் கேட்டால் உள்ளே பூச்சு கழன்றுவிட்டதாம். பிறகு ஒரு காசை எடுத்துச் சுரண்டினார், வெள்ளைத் தூள் காலடியில் கொட்டியது. உப்புப் பூத்த சுவர். அதன்மேல் எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் கொப்பளித்து உரிந்துவிடும், அதனால் கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் படத்தைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் பள்ளிக்கூட மதிலில் ஒரு துண்டு புதிதாகப் பூசியிருக்கிறது என்றாயே, புதுச் சீமெந்துப் பூச்சு 28 நாளாவது காய வேண்டும், அதிபரிடம் இப்போதே சொல்லிவை. ஸ்பிரே டின்களை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் வெளிச்சுவர் எமல்ஷனை இங்கேயே வாங்கி நிறம் கலந்தோம், நீயும் அதற்குக் காசு ஒதுக்கு.

அனுமதி விஷயம்: பொதுச் சுவர் ஒன்றுக்காக அலைந்து களைத்துப்போய் விட்டுவிட்டோம். வீட்டு மதில் என்றால் சொந்தக்காரரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள், யாராவது வந்து கேட்டால் காட்டலாம்.

இனி நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் வரைந்தார்களே, நினைவிருக்கும். ஆசையோடுதான் வரைந்தார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பல இடங்களில் அரசர்களும் படைவீரர்களும்தான் சுவரில் நின்றார்கள், அந்த வழியால் தினமும் நடந்துபோகிற என்னைப் போன்ற ஒரு தமிழனுக்கு அதில் இடம் இருக்கவில்லை. சுவர் யாருடையதாக இருந்தாலும் பார்க்கிறவர்கள் தெருவில் இருப்பவர்கள்தானே, அவர்களைக் கேட்காமல் ஒரு கோடும் இழுக்கக்கூடாது என்று எனக்கு அப்போதே பட்டது. கொழும்பு கொம்பனித்தெருவில் ஓவியர் ஃபிரி ரஹ்மானும் அவருடைய நண்பர்களும் அங்கே வாழ்கிற ஆட்களையே சுவரில் வரைந்தது அதனால்தான் எனக்கு அவ்வளவு பிடிக்கும். வந்தவரை முதலில் அங்கேதான் கூட்டிப்போனேன். அப்புறம் பொரளை கோதமி விகாரைக்கு. எங்கள் நாட்டின் பேர்பெற்ற ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 40இல் வரைந்த சுவரோவியங்களுக்கு முன்னால் அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். அவரும் சென்னை கண்ணகி நகர் படங்களைக் காட்டினார். நகரத்துக்குள் இருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றிய சனங்களின் அடுக்குமாடிகள், இப்போது சுவர் முழுக்கப் பெரிய பெரிய முகங்கள்.

அதனால் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். கோவிலடியில் பூத்தொடுக்கிற அம்மாவை வரையலாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். அவரிடம் போய்க் கேட்டால், கண்ணாடியோடு வரைந்தால்தான் சம்மதம், அது இல்லாமல் தனக்கு ஊசியில் நூல் கோக்கவே முடியாது என்றார். பக்கத்து முஸ்லிம் வீட்டு அங்கிள் தன் மதிலில் மனித உருவம் வேண்டாம், கடலும் ரயிலும் போடுங்கள் என்றார். அப்படியே போட்டோம், இரண்டு மதிலும் ஒட்டி இருப்பதால் பூக்கார அம்மா கடலைப் பார்த்து இருப்பதுபோல அமைந்துவிட்டது, அது நாங்கள் திட்டமிட்டால்கூட வந்திருக்காது.

வரைய ஆரம்பிக்கும் விதம் உன் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். முதலில் சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்க வேண்டும். அதைப் போனில் படம் எடுத்து, போனிலேயே அதன்மேல் மாதிரி ஓவியத்தை வைத்துப் பார்த்தால், எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் கண் வர வேண்டும், எங்கே விரல் வர வேண்டும் என்று தெரிந்துவிடும், கட்டம் கீறவே தேவையில்லை. கிறுக்குகிற வேலையை ஒழுங்கைப் பிள்ளைகளிடம் விட்டார். தமிழிலும் சிங்களத்திலும் அவர்கள் தங்கள் பெயர்களைத்தான் எழுதித் தள்ளினார்கள். அந்த அம்மாவின் சேலைக்கு அடியில் இப்போது அவ்வளவு பெயரும் இருக்கிறது. தங்கள் பெயர் உள்ளே இருக்கிற மதிலில் அந்தப் பிள்ளைகள் யாரையும் போஸ்டர் ஒட்ட விடுவதில்லை!

சரி, உங்கள் மதிலை நேர் எதிரே நின்று படம் எடுத்து அனுப்பு. காலையில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, மின்கம்பி எவ்வளவு கிட்டப் போகிறது, ஏறி நின்று வரையச் சாரம் கட்ட இடம் இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்து எழுது, நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன். யாரை வரையலாம் என்று பிள்ளைகளிடம் கேட்கத் தொடங்கிவிடு, அதற்குத்தான் நாள் எடுக்கும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்